பழைய லேப்டாப்புக்கு மறுவாழ்வு கிடைக்குமா?

''மகள் பிளஸ் டூ படித்தபோது, 2013-ம் ஆண்டு பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப், விண்டோஸ் படம் வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. 'ரீசெட் செய்தால் ஓடும். ஆனால், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்' என்கிறார் கடைக்காரர். மறைந்த என் மாமனாரின் படங்களும், பட்டா நகல்களும் அதில்தான் உள்ளன. மகனின் படிப்புக்கு அதைச் சரிசெய்ய முடியுமா?''

- வாசகி, துறையூர்.

பெரும்பாலும் முடியும். ஆனால், படங்களை வெளியே எடுக்கும்வரை ரீசெட் செய்யச் சம்மதிக்காதீர்கள். பட்டா, சிட்டாவை அரசின் இணையதளத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். படங்களை அப்படி எடுக்க முடியாது.

விண்டோஸ் கெட்டுப்போனாலும், ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால் கோப்புகள் அப்படியே இருக்கும். குதிரின் கதவு திறக்கவில்லை என்றால், உள்ளே இருக்கும் நெல் போய்விட்டது என்று அர்த்தமில்லையே!

அவற்றை எடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி கேபிள் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைத்து நகலெடுக்கலாம். அல்லது, 'லினக்ஸ் மின்ட்' ஏற்றிய பென் டிரைவ் மூலம் லேப்டாப்பை இயக்கி, வேறொரு பென் டிரைவில் நகலெடுக்கலாம். அப்போது 'இன்ஸ்டால்' என்பதை மட்டும் அழுத்திவிடக் கூடாது. டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மேற்கொண்டு இயக்காமல், டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். எடுத்த படங்களை இரண்டு இடங்களில் வைத்து, திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பிறகு மறுவாழ்வு வேலையைத் தொடங்கலாம். அதில் இருப்பது விண்டோஸ் 7 என்றால், அதையே திரும்ப ஏற்ற வேண்டாம். 2020 ஜனவரியோடு அதற்கான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பேங்க் வேலைக்கு அது ஆபத்து. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போதும். பிராசசர் 64 பிட் ஆகவும், ரேம் குறைந்தது 2 ஜி.பி ஆகவும் இருக்க வேண்டும், 4 ஜி.பி இருந்தால் சிரமமில்லாமல் ஓடும். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி போட்டால் வேகம் நன்றாகக் கூடும். மகனுக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் தேவையா என்பதைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தவும் கூடாது. மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றக்கூடிய மாடல் என்றால், சார்ஜரில் மட்டுமே பெரும்பாலும் ஓடும்.

பழுதுபார்க்கும் செலவு, பழைய லேப்டாப் ஒன்றின் விலையை நெருங்கினால் விட்டுவிடலாம். அப்போதும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு வர மறக்காதீர்கள்.