அண்ணன் சட்டை

'போன ப்ராஜெக்ட்ல எழுதினதுதானே, அதையே எடுத்துப் போடு' என்று மேனேஜர் சொன்னால் உஷாராகிவிடுங்கள். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் கிளம்பிச் சுமார் நாற்பது விநாடியில் வெடித்துச் சிதறியது. காரணம், ஏரியான்-4-க்கு எழுதிய மென்பொருளில் ஒரு பகுதியை அப்படியே மாட்டியதுதான். புதுசுக்கு வேகம் ஜாஸ்தி. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண் 32,767-ஐத் தாண்ட, 16 பிட்டில் அடங்காமல் திசை காட்டும் கம்ப்யூட்டர் கைவிரித்துவிட்டது. இதற்கு மேல் தாங்காது என்ற குறிப்பு ப்ரோகிராமில் இல்லை.

அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகும்தான். தம்பி வாட்டசாட்டமாக வளர்ந்துவிட்டால்? தைக்கும்போதே உள்ளே துணி விட்டிருக்கணும். அளவையும் எழுதி வைத்திருக்கணும். அதற்கு முதலிலேயே நாளும் காசும் ஒதுக்காமல் 'மறுபயன்பாடு' என்று பீற்றிக்கொள்வது சிக்கனமில்லை சார், கஞ்சத்தனம்!