பெகோ தொழிற்சாலை கற்றுத்தரும் பாடம்

அலோர் காஜா வட்டாரம் என்றால் என் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது பால்மரக் காடுதான். இன்றைய மாணவர்களுக்கு அதே வட்டாரம் இன்னொன்றையும் நினைவூட்டும்: பெகோ தொழிற்பேட்டையில் உள்ள ஹோண்டா கார்த் தொழிற்சாலை. நம் சாலைகளில் ஓடும் சிட்டி, சிவிக், எச்ஆர்-வி போன்ற கார்கள் அங்கிருந்து வெளிவருகின்றன. 2024-ஆம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலையின் இரண்டு உற்பத்தி வரிசைகளில் ஒன்று தற்காலிகமாக நிறுத்தப்படுவதாகச் செய்தி வந்தது. அந்த வாரம் படிவம் 5 மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், ஹோண்டா எவ்வளவு பெரிய கம்பெனி! அதுக்கே இந்த நிலைமையா?"

நல்ல கேள்வி. பெரிய பெயர் இருந்தால் சந்தை தானாக நிலைத்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த நாட்டில் ஹோண்டாவின் கதை அப்படி இல்லை. அது ஒருமுறை வென்றது, பிறகு இழந்தது, மீண்டும் வென்றது, இப்போது மறுபடியும் சோதனையில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்தான்: வாங்குபவரின் வருமானத்துக்கும் வாழ்க்கைக்கும் அருகில் நின்றது யார் என்பது.

ஹோண்டா நம் வீடுகளுக்கு முதலில் காராக வரவில்லை, மோட்டார் சைக்கிளாகத்தான் வந்தது. சிறுவயதில் சீனாவிலிருந்து பினாங்குக்கு வந்து, பட்டறையில் வேலை கற்று முன்னேறியவர் லோ பூன் சியூ. 1950-களின் இறுதியில் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை இங்கே விற்கும் உரிமையைப் பெற்றவர் அவர். 1958-இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் வண்டியும் அதன் வழிவந்தவையும் எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும். செம்மண் சாலையிலும் ஓடும். பழுதானால் பக்கத்துக் கடைத்தெரு மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். நாம் இன்றும் 'கப்சாய்' என்கிறோமே, அந்த வகை. ஜாசின், மெர்லிமாவ், ரெம்பியா பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன்னே பால்வெட்டுக்குப் போனதும், பிறகு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டதும் இத்தகைய வண்டிகள்தாம். பின்னாளில் கார் வாங்கும் வசதி வந்தபோது, ஹோண்டா என்ற பெயர் அந்தக் குடும்பங்களுக்குப் புதிதாக இல்லை.

அந்தக் காலத்தில் சாலைகளில் மோரிஸ், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் கார்களைப் பரவலாகப் பார்க்கலாம். 1973-இல் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடி உலகெங்கும் கணக்கை மாற்றியது. எரிபொருள் விலை ஏறியதும் சிறிய, சிக்கனமான கார்களுக்கு மவுசு கூடியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஹோண்டா சிவிக் வெளிவந்திருந்தது. டட்சன், டொயோட்டா ஆகியவற்றோடு ஹோண்டாவும் இங்கே காலூன்றியது. பிரிட்டிஷ் கார்கள் மெல்ல ஒதுங்கின. இது ஹோண்டா பெற்ற முதல் வெற்றி.

அடுத்து வந்தது சரிவு. 1983-இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985-இல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. தேசியக் காருக்கு வரிச் சலுகை கிடைத்தது. வெளிநாட்டுக் கார்கள் கூடுதல் வரியைச் சுமந்தன. அதே 1985 செப்டம்பரில் பெரிய நாடுகள் சில நியூயார்க்கில் பிளாசா உடன்பாட்டைச் செய்துகொண்டன. அதன் பின் ஜப்பானிய நாணயமான யென்னின் மதிப்பு வேகமாக உயர்ந்தது. ஜப்பானிலிருந்து வரும் உதிரிபாகங்களின் விலையும் கூடியது. 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் வந்துவிட்டது. முதல் முறை கார் வாங்கும் ஆசிரியருக்கும் தோட்டக் கிராணிக்கும் சாகாவோ கஞ்சிலோதான் கைக்கு எட்டியது. ஹோண்டா கார் தரத்தில் தாழ்ந்துவிடவில்லை. அதன் விலைதான் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. பொருளியல் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அரசின் வரிக் கொள்கையும் நாணய மாற்று விகிதமும், தொழிற்சாலை வாசலைத் தாண்டாமலேயே ஒரு நிறுவனத்தைத் தோற்கடிக்க முடியும்.

இழந்த சந்தையை ஹோண்டா எப்படி மீட்டது? விளம்பரத்தை மட்டும் நம்பி அல்ல. 2000-ஆம் ஆண்டில் டிஆர்பி-ஹைகோம், ஓரியண்டல் ஹோல்டிங்ஸ் ஆகிய உள்நாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து இங்கே ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. 2003-இல் பெகோ தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. முழுக் காராக இறக்குமதி செய்வதைவிட இங்கேயே பொருத்தினால் வரிச்சுமை குறையும். உள்ளூரில் வாங்கும் பாகங்கள் கூடக் கூட அது மேலும் குறையும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும். அரசு ஹைப்ரிட் கார்களுக்கு வரிவிலக்கு தந்தபோது ஹோண்டா அதை விரைந்து பயன்படுத்திக்கொண்டது. 2012-இல் ஜாஸ் ஹைப்ரிட் பெகோவிலேயே பொருத்தப்பட்டது. 2014-இல் இரண்டாவது உற்பத்தி வரிசை வந்து, ஆண்டுக்கு 1 லட்சம் கார்கள் என்ற திறன் கிடைத்தது.

அதே 2014-இல் ஒரு துயரமும் நிகழ்ந்தது. ஜூலை மாதம் சரவாக்கில் நடந்த விபத்தில், ஹோண்டா சிட்டி ஒன்றின் தக்காத்தா காற்றுப்பை வெடித்துச் சிதறியதில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்தக் காற்றுப்பையின் குறைபாடு உலகெங்கும் பல நிறுவனங்களின் கார்களைத் திரும்ப அழைக்க வைத்தது. பாதிக்கப்பட்ட கார்களில் அந்தப் பாகம் இலவசமாக மாற்றித் தரப்படுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் ஓடுவது இரண்டாம் கையாக வாங்கிய பழைய கார்கள்தாம். முதல் உரிமையாளருக்குப் போன கடிதம் நம் கைக்கு வராமல் போயிருக்கலாம். அப்பாவின் கார் பழைய ஹோண்டாவாக இருந்தால், அதன் சேசி எண்ணைக் கொண்டு பாகம் மாற்றப்பட்டுவிட்டதா என்று சரிபார்ப்பது வீட்டில் படித்த பிள்ளையின் பொறுப்பு. இதை இன்றே செய்யுங்கள்.

2016-இல் ஹோண்டா விற்பனையில் புரோட்டோனை முந்தி, பெரோடுவாவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. 2017-இல் 109,511 கார்களை விற்றது. அந்த ஆண்டு நாட்டில் விற்ற மொத்த வாகனங்கள் 576,635. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 19 விழுக்காடு. சாலைக்கு வந்த ஐந்து புதிய வாகனங்களில் ஒன்று ஹோண்டா!

ஆனால் உச்சியில் நிற்பவருக்கு அங்கே நிரந்தர இடம் கிடையாது. 2017-இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனில் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. எக்ஸ்70 காரின் வரவோடு 2019-இல் புரோட்டோன் மீண்டும் ஹோண்டாவைத் தாண்டியது. 2021-இல் டொயோட்டாவும் தாண்டியது. 2000-களில் இங்கே வந்து மங்கிப்போன சீனாவின் செரி, 2023-இல் புதிய கார்களோடு திரும்பி வந்திருக்கிறது. மின்சாரக் காரில் பிஒய்டி முந்திக்கொண்டது. 2024-இல் நாட்டின் மொத்த விற்பனை 816,747 என்ற உயரத்தைத் தொட்டது. ஹோண்டாவின் விற்பனையோ 80 ஆயிரத்தை ஒட்டியே இருந்தது. ஐந்தில் ஒன்றாக இருந்தது பத்தில் ஒன்றாகிவிட்டது. 80 ஆயிரம் என்பது சிறிய எண் அல்ல. ஆனாலும் மற்றவர்கள் வேகமாக நடக்கும்போது நாம் பழைய வேகத்தில் நடந்தால், பின்தங்குகிறோம் என்பதுதான் பொருள்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: "தம்பி, பெயர் ஒருமுறை கதவைத் திறந்துவிடும். உள்ளே உட்கார வைப்பது வேலைதான்."

இது கார் கம்பெனிக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, பால்வெட்டும் திறமைக்கு இருந்த சந்தை நம் பெற்றோர் கண் முன்னாலேயே சுருங்கியது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். திறமை குறைந்தவர்களும் அல்லர். அவர்களின் திறமைக்குத் தேவை இருந்த இடம்தான் மாறிவிட்டது. மாற்றுத் தொழில் கற்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் மீண்டார்கள். கிடைக்காதவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

இன்று நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. டுரியான் துங்கலில் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது; பாலிடெக்னிக்குகளும் தொழிற்கல்லூரிகளும் இருக்கின்றன. எஸ்பிஎம் முடித்ததும் தொழிற்சாலைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் அங்கே பத்து ஆண்டுகள் ஒரே திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தால், வரிசை நிற்கும் நாளில் நாமும் நிற்க வேண்டியிருக்கும். ஹைப்ரிட், மின்கலம், தானியங்கி இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றைக் கற்றவருக்கு ஒரு வரிசை நின்றாலும் வேறொரு வாசல் திறக்கும்; அது ஹோண்டாவாகவும் இருக்கலாம், அதன் போட்டியாளராகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் சம்பளம் வந்ததும் ஒன்பது ஆண்டுக் கடனில் கார் எடுக்கும் பழக்கம் நம் இளைஞரிடம் இருக்கிறது. நிறுவனங்கள் வெல்லும், தோற்கும், மீளும். நம் கடன் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வரும். காருக்குக் கட்டும் அந்தத் தவணையில் ஒரு பகுதியை முதலில் ஒரு திறன்சான்றிதழுக்குச் செலவிடுங்கள். காரின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். கற்ற தொழிலைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதன் மதிப்பு இறங்காது.