பியூஸ் கட்டையில் ஒயர் முறுக்கு

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீடு. காலால் மிதித்துத் தூக்கிய ஜக்கார்டு பெட்டியை இப்போது சின்ன மோட்டார் தூக்குகிறது. நெசவாளரின் முழங்கால் பிழைத்தது. ஆனால் அடிக்கடி பியூஸ் போனதாம். மெயினை அணைத்துக் கட்டையைப் பிடுங்கினால், உள்ளே மூன்று இழை ஒயரை முறுக்கி வைத்திருக்கிறார். “இனிமே போகாதுங்க!” போகாதுதான், அடுத்து மோட்டார் காயில் கருகும், அப்புறம் பாவுக்கே ஆபத்து. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்கலாமே? அப்போதும் சரியான பியூஸ் போனால் கோளாறு மோட்டாரிலோ ஒயரிலோ; பியூஸ் போகாமல் நின்றால், பெட்டி தூக்கும் இடத்தில் இறுக்கம். பல நேரம் எண்ணெய் போட்டாலே சரியாகும். கைத்தறிக்கு இரு மாதத்துக்கொரு முறை தரும் இலவச மின்சாரத்தை 2023இல் 300 யூனிட்டாக்கியது அரசு. நல்ல காரியம். பியூஸ் கட்டைக்குப் பதில் தறிக்கொரு எம்.சி.பி.யும் மாட்டித் தந்தால் என்னவாம்?