எழுதக் கற்பது யாருடைய உரிமை?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் தில்லி, குருகிராம், மும்பை, பெங்களூரு ஆகிய பெருநகரங்களின் வசதி படைத்த குடும்பங்களில் ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் டியூஷன் ஆசிரியரைத் தேடுவது பழைய வழக்கம். இப்போது தேடப்படுபவர் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் ஆசிரியர்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1968இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் அமைப்பின் டிப்ளமா பாடத்திட்டம் இன்று இந்தியப் பெருநகரங்களின் உயர்கட்டணப் பள்ளிகளில் நடத்தப்படுகிறது. அதில் சேரும் மாணவர், தாமே தேர்ந்துகொண்ட ஒரு கேள்வியை ஆராய்ந்து அதிகபட்சம் 4,000 சொற்களில் ஒரு நீள்கட்டுரை எழுத வேண்டும். அறிவின் இயல்பு பற்றி 1,600 சொற்களுக்குள் மற்றொரு கட்டுரையும் உண்டு. நீள்கட்டுரைக்காக ஒரு மாணவருடன் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் செலவிடும்படி பரிந்துரைக்கப்படும் நேரம் மூன்று முதல் ஐந்து மணி வரைதான். பத்தாண்டுகள் கரும்பலகையில் இருந்த விடையைப் பார்த்து எழுதிப் பழகிய பிள்ளையிடம் திடீரென்று “உன் வாதம் என்ன? அதற்குச் சான்று எங்கே?” என்று கேட்டால் திகைப்புத்தான் மிஞ்சும். அந்தத் திகைப்பே எழுத்துப் பயிற்சி என்னும் புதிய சந்தையின் மூலதனம்.

இந்தப் பெற்றோரை எள்ளி நகையாடுவதில் பயனில்லை. அவர்கள் பணம் கொடுத்து வாங்குவது என்ன என்று பார்ப்பதே பயனுள்ளது. நல்ல பயிற்சி ஆசிரியர் மாணவரின் வரிகளைத் தாமே திருத்தி எழுதித் தருவதில்லை. ஓரத்தில் கேள்வி எழுதுகிறார். “இந்தப் பத்தி முந்தையதிலிருந்து எப்படி வருகிறது? இதை மறுப்பவர் என்ன சொல்வார்?” மாணவர் மீண்டும் எழுதுகிறார், ஆசிரியர் மீண்டும் படிக்கிறார். எழுதக் கற்பிப்பது என்பது இவ்வளவுதான். இதில் மறைபொருள் எதுவும் இல்லை. விற்கப்படுவது ஓர் ஆசிரியரின் நேரம். தாமே எழுதிக் கொடுத்துவிடும் ‘பயிற்சியாளர்’களும் அதே சந்தையில் இருக்கிறார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் குடும்பத்துக்கு இருவரையும் வேறுபடுத்துவது கடினம்.

அந்த நேரம் அரசுப் பள்ளியில் எப்படிக் கிடைக்கும்? மொழியாசிரியர் ஒருவருக்கு நான்கு பிரிவுகள், பிரிவுக்கு ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு கட்டுரைகள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் கொடுத்தாலும் 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கு மேல். வகுப்பெடுக்கும் நேரத்துக்கு வெளியே ஒரு முழு வார உழைப்பு இது. போதாக்குறைக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகிய பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவே இடம் தருகிறது. இந்நிலையில் கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் ஒரு ‘சரி’க் குறி மட்டும் விழுந்தால் அதை ஆசிரியரின் அலட்சியம் என்று சொல்வது அநீதி.

பள்ளி தராததைக் குடும்பம் விலைக்கு வாங்குகிறது. ஒன்றிய அரசின் 2025ஆம் ஆண்டுக் கல்வி மாதிரி ஆய்வின்படி நாட்டின் பள்ளி மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சி பெறுகின்றனர். மேல்நிலை வகுப்பில் அதற்கான சராசரி ஆண்டுச் செலவு நகரத்தில் மாணவருக்கு 9,950 ரூபாய்; கிராமத்தில் 4,548 ரூபாய். 2022ஆம் ஆண்டின் ‘அசர்’ அறிக்கை, பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் கிராமப்புறத் தொடக்க, நடுநிலை வகுப்புக் குழந்தைகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் கட்டண டியூஷனுக்குச் செல்வதைக் காட்டியது. கூலி வேலை செய்யும் குடும்பமும் வயிற்றைக் கட்டி இதற்குப் பணம் தருகிறது. ஆனால் அந்தப் பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாடக்குறிப்பும் மனப்பாடமும். ஓரத்தில் கேள்வி எழுதும் ஆசிரியர் அந்த விலைக்கு வருவதில்லை.

அரசின் தேர்வுக் கொள்கையோ எதிர்த்திசையில் செல்கிறது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கையைத் தீர்மானிக்கும் நுழைவுத் தேர்வில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிபிஎஸ்இ 2024-25 கல்வியாண்டில் 11, 12ஆம் வகுப்புத் தேர்வுகளில் குறுவிடை, நெடுவிடை வினாக்களின் பங்கை 40 விழுக்காட்டிலிருந்து 30 ஆகக் குறைத்தது. எழுத்துத் தேர்வில் திருத்துபவரின் விருப்பு வெறுப்பு நுழையும், கொள்குறி வினாவே நடுநிலையானது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த ஐயத்தில் உண்மை உண்டு. பயிற்சி பெற்ற திருத்துநர்களை அதிகரிப்பதும், ஒரே விடைத்தாளை இருவர் திருத்துவதும் அதற்குரிய தீர்வு. எழுத்தையே தேர்விலிருந்து வெளியேற்றுவது தீர்வாகாது. தேர்வு கேட்காத ஒன்றை நெருக்கடியில் இருக்கும் பள்ளி கற்பிக்காது.

விளைவு கண்முன் நிற்கிறது. ஒரு வர்க்கத்தின் பிள்ளைகள் கேள்வியை உருவாக்கவும் வாதத்தை அடுக்கவும் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். உழைக்கும் வர்க்கத்தின் பிள்ளைகள் பிறர் வகுத்த நான்கு விடைகளுக்குள் ஒன்றைத் தேடப் பழக்கப்படுகிறார்கள். நாளை திட்டங்களை வரைபவர் யார், அவற்றின் படிவங்களை நிரப்புபவர் யார் என்பது பதினாறு வயதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

எழுத்துப் பயிற்சி என்றாலே ஆங்கிலப் பயிற்சி என்னும் மயக்கமும் களையப்பட வேண்டும். வாதத்தைக் கட்டும் திறன் எந்த ஒரு மொழியின் தனிச்சொத்தும் அன்று. இந்தியிலோ வங்கத்திலோ ஒடியாவிலோ தெளிவாக எழுதக் கற்ற பிள்ளை அந்தத் தெளிவை ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்லும். தாய்மொழியிலேயே சிந்தனையை ஒழுங்குபடுத்தக் கற்காத பிள்ளைக்கு அலங்கார ஆங்கிலச் சொற்கள் உதவமாட்டா.

ஆகவே கோரிக்கை தெளிவானது. காலியாக உள்ள மொழியாசிரியர் பணியிடங்கள் நிரந்தர நியமனத்தால் நிரப்பப்பட வேண்டும். மொழி வகுப்பில் முப்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நோட்டுத் திருத்தும் நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் நூலகரோடு கூடிய நூலகம் வேண்டும். பதினான்கு வயதோடு நின்றுவிடும் கல்வி உரிமைச் சட்டம் பதினெட்டு வயது வரை விரிவாக்கப்பட வேண்டும். நிதி எங்கே என்று கேட்பவர்களுக்கு, தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கச் சொன்ன கோத்தாரி குழுவின் பரிந்துரை அறுபது ஆண்டுகளாக விடையாகக் காத்திருக்கிறது.

ஆசிரியர், மாணவர் இயக்கங்களோடு தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும். மறுக்கப்பட்ட கூலிக்காகத் தொழிலாளர் அலுவலருக்கு எழுதும் மனு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கும் கேள்வி, கிராம சபையில் வைக்கும் தீர்மானம் ஆகிய அனைத்தும் எழுத்தில்தான் தொடங்குகின்றன. அவற்றை இன்னொருவர் கையை எதிர்பாராமல் எழுதும் ஆற்றல் நான்காயிரம் சொல் கட்டுரை எழுதும் பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது.