பூட்டிய வீடும் புதிய அண்டையரும்

சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் 1411ஆம் ஆண்டு அகமது ஷா நிறுவிய நகரம் அகமதாபாத். அதன் பழைய மதிலகப் பகுதியில் உள்ள குடியிருப்புகளைக் குஜராத்தி மொழியில் ‘போள்’ என்பர். ஒரு பெருவாயில், அதனுள் வளைந்து செல்லும் குறுகிய தெரு, இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் மரவேலைப்பாடு மிக்க வீடுகள் ஆகியவை சேர்ந்ததே போள். பல வீடுகளின் நடுவே முற்றமும், அதன் அடியில் மழைநீர் சேமிக்கும் தொட்டியும் உண்டு. வாசலில் உள்ள மேடையின் பெயர் ‘ஓட்லோ’. தமிழ்நாட்டில் அதனைத் திண்ணை என்பர்.

இம்மதில் நகரை 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபு நகரமாக ஏற்றது. இந்தியாவில் இப்பெருமையை முதலில் பெற்றது இந்நகரமே. ஆயினும் இங்குப் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மகிழுந்து நுழைய இயலாத தெரு, பங்காளிகளிடையே பாகம் பிரியாத சொத்து, பழுதுபார்க்க ஆகும் பெருஞ்செலவு ஆகிய காரணங்களால் குடும்பங்கள் பல ஆற்றின் மேல்கரைக்குக் குடிபெயர்ந்தன. சில வீடுகள் சரக்கு அடுக்கும் கிடங்குகளாயின. ஆள் புழங்காத மரவீட்டைக் கறையானும் மழையும் விரைவில் அழித்துவிடும்.

அதே நகரின் பல்கலைக்கழகத்திலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் ஆப்பிரிக்க, ஆசிய நாட்டு மாணவர்கள் பலர் பயில்கின்றனர். விடுதியில் இடம் பெறாதவர் வெளியே அறை தேட வேண்டும். பூட்டிய வீடுகள் சிலவற்றைச் செப்பனிட்டு, இத்தகையோருக்குப் பகிர்வு இல்லங்களாக அளிப்பது நன்று. ஆளுக்கோர் அறை, அனைவருக்கும் பொதுவான சமையலறையும் முற்றமும், பகிர்ந்து செலுத்தும் வாடகை என்பதே பகிர்வு இல்லத்தின் முறையாகும்.

அண்டை வீட்டார் அச்சம்

இதனைப் போள்வாசிகள் பலர் அஞ்சக்கூடும். அவ்வச்சத்தை எளிதில் புறந்தள்ளலாகாது. சுவர் பொதுவாயின் ஓசையும் பொதுவே. நள்ளிரவில் ஓர் அறையில் எழும் இசை, அடுத்த வீட்டு முதியவரின் உறக்கத்தைக் கெடுக்கும். புலால் உண்ணாத குடும்பங்கள் நிறைந்த தெருவில் சமையல் மணமும் பூசலுக்கு வித்தாகலாம்.

வேறோர் இடரும் உண்டு. ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரின் பழைய தெருக்களில், குடியிருப்பு வீடுகள் பல சுற்றுலாப் பயணியர் தங்கும் இடங்களாயின, வாடகை ஏறியது, உள்ளூர் மக்கள் வெளியேற நேர்ந்தது. ஆகவே, ஏறத்தாழ 10,000 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028ஆம் ஆண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அந்நகர மேயர் 2024இல் அறிவித்தார்.

இங்குக் கருதத்தக்கது கால அளவாகும். ஓரிரவு தங்குபவர் விருந்தினர். அவருக்கு அண்டை வீட்டாரின் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஈராண்டு தங்கும் மாணவரோ கடைக்காரரிடம் கணக்கு வைப்பார். தெருக்குழந்தைக்கு ஆங்கிலம் சொல்லித்தருவார். உத்தராயணத்தன்று மாடியில் பட்டம் விட்டு, அண்டை வீட்டார் தரும் உந்தியுவை உண்பார். அவர் அத்தெருவின் மனிதராகிவிடுவார். எனவே நாள்வாடகைக்கு விடுவதைவிட மாணவருக்கு ஆண்டுக்கணக்கில் விடுவதே தெருவிற்கு நலம் பயக்கும்.

இருபாலார்க்கும் கடமை

அதற்குச் சில நெறிகள் தேவை. உரிமையாளரோ பொறுப்பாளரோ அவ்வில்லத்திலேயே வாழ்தல் வேண்டும். வெளிநாட்டவரைத் தங்க வைப்போர், 24 மணி நேரத்திற்குள் அதனை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். ஒரு போளில் இத்தனை இல்லங்களே இருக்கலாம் என்னும் வரையறையும் வேண்டும். இரவு அமைதி, குப்பை, சமையல் பற்றிய வழக்கங்களை அறை தருமுன்பே எழுதிக் காட்டுதல் நன்று. வருபவர் அவற்றை மதித்து நடத்தல் கடமை.

தெருவினர்க்கும் ஒரு கடமை உண்டு. வருபவரின் நடத்தைக்கு நெறி வகுக்கலாம். நிறத்தையும் பிறந்த நாட்டையும் சமயத்தையும் காட்டி வாயிலை அடைத்தல் அறமன்று. தொலைபேசியில் ‘அறை உண்டு’ என்று கூறியவர், நேரில் முகம் கண்டதும் ‘இப்போதுதான் வேறொருவர்க்குத் தந்துவிட்டோம்’ என்று சொல்வது இந்திய நகரங்களில் அரிதன்று.

இவ்வலியைத் தமிழரும் அறிவர். துணியாலை வேலை தேடி அகமதாபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் ஒருநாள் மொழி அறியாத தெருவில் வாடகை வீடு கேட்டு நின்றவைதாம். அன்று யாரோ ஒருவர் கதவைத் திறந்தார். அதனாலேயே பேரப்பிள்ளைகள் இன்று குஜராத்தியும் தமிழும் கலந்து பேசி வளர்கின்றனர். அக்கதவின் அருமையை அறிந்தவர்கள், சொந்த வீடு கட்டிய பின்னர்த் தம் வாசலில் அறை கேட்டு நிற்பவரிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதே அவர்கள் பண்பிற்கு உரைகல்லாகும்.

சிந்தித்து எழுதுக

1. நாள்வாடகைக்கு விடுவதைவிட மாணவருக்கு ஆண்டுக்கணக்கில் வீடு விடுவது நலம் என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.

2. உன் குடும்பம் இவ்வூருக்கு வந்தபோது முதல் வீடு எவ்வாறு கிடைத்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எட்டு வரிகளில் எழுதுக.