லாட்ஜுக்கு எத்தனை மாடிப்படி?

மாசத்துக்கு ஒரு தடவையாவது பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடிச்சு சென்னைக்குப் போய் வர்ற ஆளு நான். அதனால சொந்தக்காரங்க யாரு கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வந்துரும். "எக்மோர் பக்கத்துல சேஃப்பான லாட்ஜ் ஒண்ணு சொல்லுங்க மாமா, வீட்டுல கூட வர்றாங்க."

இந்த "சேஃப்" என்கிற வார்த்தைக்கு நம்ம மக்கள் அகராதியில் என்ன அர்த்தம் தெரியுமா? ராத்திரி போலீஸ் கதவைத் தட்டக் கூடாது. "அந்த மாதிரி" லாட்ஜா இருக்கக் கூடாது. போர்டுல "குடும்பத்துடன் தங்க" என்று எழுதியிருக்கணும். அம்புட்டுதான்.

லாட்ஜ்காரங்களும் இதே அர்த்தத்தில்தான் நடந்துக்கறாங்க. பரீட்சை எழுத வந்த பொண்ணு தனியா ரூம் கேட்டா, "கூட யாரு வந்திருக்கா? எதுக்கு வந்திருக்கே?" என்று ஆயிரம் கேள்வி. பல இடத்துல ரூமே கிடையாது. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே சொல்லியாச்சு. ஆனாலும் ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சி தனி கோர்ட் நடத்துவார். இந்தக் கேள்வி எல்லாம் லாட்ஜோட பேரைக் காப்பாத்தும். தங்க வந்தவங்க உயிரைக் காப்பாத்துமா?

கொஞ்சம் சீரியஸா பேசுவோம்.

2022 செப்டம்பர் 12, ராத்திரி. செகந்திராபாத்தில் ஒரு கட்டிடம். கீழே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். கீழே பிடிச்ச தீயோட புகை மாடிப்படி வழியா மேலே ஏறிடுச்சு. செத்தது 8 பேர். 2019 பிப்ரவரி 12 விடியக்காலை, டெல்லி கரோல் பாக்கில் ஒரு ஓட்டல். அங்கே 17 பேர். 2024 ஏப்ரல் 25, பாட்னா ஜங்ஷன் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு ஓட்டல் கட்டிடம். பட்டப்பகல்ல குறைஞ்சது 6 பேர்.

இவங்க யாரும் தப்பான இடத்துக்குப் போகலை. ஊருக்கு வந்தவங்க, தங்கினாங்க, சாப்பிட்டாங்க. இந்த மாதிரி விபத்துல தீ தொட்டுச் சாகிறவங்களை விட புகை அடைச்சுச் சாகிறவங்கதான் அதிகம். ஒரே ஒரு மாடிப்படி இருந்தா, அதுதான் புகைக்கும் பாதை. நமக்கு வேற வழியே இல்லை.

இப்போ எக்மோர் ஸ்டேஷனுக்கு எதிர்ல கென்னட் லேன் பக்கமோ, சென்ட்ரலை ஒட்டி வால்டாக்ஸ் ரோடு பக்கமோ, எங்க மதுரையில் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலோ ஒரு நடை நடந்து பாருங்க. நல்ல லாட்ஜும் இருக்கு, இல்லேங்கலை. ஆனா ஒல்லியா, உயரமா நிக்கிற கட்டிடங்களைக் கவனிங்க. கீழே கடை, இல்லேன்னா சிலிண்டர் எரியிற சமையல்கட்டு. ஒரு லிஃப்ட், அதைச் சுத்தி ஒரே மாடிப்படி. ரெண்டாவது படி இருந்தாலும் அதுல பழைய மெத்தையும் தண்ணி கேனும் அடுக்கியிருக்கும். யாரும் பில் கட்டாம ஓடிறக் கூடாதுன்னு கிரில் போட்டுப் பூட்டினதும் உண்டு. ஏசி வேணும்னு ஜன்னலை பலகை வச்சு அடைச்சிருப்பாங்க. ரயிலை விட்டு இறங்கின அசதியில் இதெல்லாம் நம்ம கண்ணுக்கே படாது.

அதனால என்கிட்ட லாட்ஜ் பேரு கேட்கிறவங்களுக்கு இப்பல்லாம் பேரு சொல்றதில்லை. அஞ்சு நிமிஷ வேலை ஒண்ணு சொல்றேன். காசு கட்டுறதுக்கு முன்னாடி ரூமைப் பாருங்க. ஒண்ணாவது, ரெண்டாவது மாடியில் கேளுங்க. இன்னொரு மாடிப்படி எங்கேன்னு கேட்டு, அந்தக் கதவைத் திறந்து பாருங்க. ரூம் ஜன்னல் திறக்குதா, உள்தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதான்னு பாருங்க. கட்டிடத்துக்குக் கீழே வண்டிக்கு சார்ஜ் போடுறாங்களான்னு ஒரு பார்வை. ராத்திரி படுக்கும்போது நம்ம ரூமில் இருந்து படிக்கட்டு வரைக்கும் எத்தனை கதவுன்னு எண்ணி வச்சுக்குங்க. புகையில் கண்ணு தெரியாது, தடவித்தான் போகணும்.

"ராத்திரி பதினொரு மணிக்கு, தோள்ல தூங்குற புள்ளையோட இறங்கிட்டு மாடிப்படி எண்ணவா முடியும்?" என்று என் தங்கச்சி சண்டைக்கு வந்தா. நியாயமான கேள்விதான். அப்படி நேரங்கெட்ட நேரத்தில் இறங்குறவங்க, உறுதியான டிக்கெட் கையில் இருந்தா, ஸ்டேஷனுக்குள்ளேயே ரயில்வே ஓய்வறை கிடைக்குதான்னு ஐஆர்சிடிசியில் முன்கூட்டியே பார்த்துக்கலாம். பகல்ல இறங்கினா ஸ்டேஷன் வாசலையே கட்டிக்கிட்டு அழ வேண்டியதில்லை. எக்மோர், சென்ட்ரல் ரெண்டுலயும் மெட்ரோ இருக்கு. நாலு ஸ்டேஷன் தள்ளிப் போனா அகலமான தெருவில் காத்தோட்டமான ரூம் தேடலாம். முக்கியமா, "அந்த லாட்ஜ் ஃபுல்லு சார், நான் வேற இடம் கூட்டிட்டுப் போறேன்" என்கிற ஆட்டோக்காரர் பேச்சைக் கேட்டு ஏறிடாதீங்க. அவருக்கு கமிஷன் தர்ற கட்டிடம் அது. உங்களுக்கு எத்தனை வாசல் இருக்கும்னு அவருக்கு என்ன கவலை?

இன்னொண்ணும் சொல்லணும். கையில் ஐநூறு ரூபாயோட பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர்கிட்ட போய் "ரெண்டு மாடிப்படி இருக்கிற இடமாப் பாருங்க" என்று சொல்றது அநியாயம். அவரால தேர்ந்தெடுக்க முடியாது, கிடைச்சதில் தங்குவார். அதனாலதான் இதை தங்க வர்றவங்க தலையில் மட்டும் கட்டக் கூடாதுங்கறேன். வாடகைப் பட்டியலை ரிசப்ஷன்ல மாட்டி வைக்கிறாங்க இல்ல? அதுக்குப் பக்கத்திலேயே தீயணைப்புத் துறை சான்றையும், கடைசியா எந்தத் தேதியில் சோதனை பண்ணாங்கன்னும் பெரிய எழுத்துல மாட்டச் சொல்லணும். பூட்டின கிரில்லுக்கு அன்னிக்கே சீல் வைக்கணும். தனியா வந்த பொண்ணை நிக்க வச்சு கேள்வி கேட்கிற நேரத்தில் அந்தச் சாவி எங்கேன்னு தேடலாம்.

நீங்க போற ஊர்லயும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க மக்களே, "இன்னொரு மாடிப்படி எங்கே இருக்கு?" பதில் சொல்லத் திணறினா, பையைத் தூக்கிட்டு அடுத்த கட்டிடத்துக்கு நடையைக் கட்டுங்க.

டிஸ்கி: இனிமே லாட்ஜ் கேட்டு எனக்கு போன் பண்ற சொந்தங்களுக்கு இந்தப் பதிவுதான் பதில் :-)