ஆசிரியரும் சங்கமும்

ஆசிரியத் தொழில் தொழில்களுட் சிறந்தது என்பதை மறுப்பார் எவருமிலர். மேடைதோறும் அது போற்றப்படுகின்றது. ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாளில் மாலையும் வாழ்த்தும் பெறுகின்றது. ஆயினும், அவ்வாசிரியர் நால்வர் கூடித் தம் ஊதியத்தைக் குறித்தும் வேலை நேரத்தைக் குறித்தும் பேசத் தொடங்கின், போற்றிய வாய்களே முணுமுணுக்கின்றன. தொண்டு செய்வார்க்குச் சங்கம் எற்றுக்கு என்பது அவர்தம் வினா. தமிழ் பயிலும் எம்மிற் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றவர். ஆதலின் இவ்வினாவை ஆராய்தல் எமக்குக் கடனாகின்றது.

சங்கத்தின் பயனை ஏட்டிற் படித்து அறிய வேண்டாதவர் புதுவை மக்கள். எம் ஊராகிய தேங்காய்த்திட்டிற்கு அண்மையிலுள்ள முதலியார்பேட்டையில் ரோடியர் ஆலை இருந்தது. அவ்வாலையும் சவானா முதலிய பிற ஆலைகளும் தொழிலாளரைக் கசக்கிப் பிழிந்த நாளில், வ. சுப்பையா அவர்கள் தலைமையில் அவர்கள் ஒன்றுகூடினர். 1936-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியினர் சுட்டதிற் பன்னிருவர் மாண்டனர். அவர் சிந்திய குருதி வீண்போகவில்லை. எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் 1937-இற் கிடைத்தன.

அத்தொழிலாளரின் பேரர் பெயர்த்தியருட் சிலர் இன்று தனியார் பள்ளிகளிற் பாடஞ் சொல்லுகின்றனர். எட்டு மணி நேரம் போதும் என்று பாட்டனார் துணிந்து கேட்டார். விடைத்தாட் கட்டினை வீட்டிற்குச் சுமந்துவந்து நள்ளிரவு மட்டும் திருத்தும் பெயர்த்தியோ வாய்திறக்கத் தயங்குகின்றாள். ஏன்? நீ செய்வது வேலையன்று, தொண்டு என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கின்றது.

இப்புகழ்ச்சி எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. கோவாவிற் பணிநீக்கம் பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தொழிற்றகராறுச் சட்டத்தின் துணையை நாடினார். கல்வி புகட்டுதல் உயர்ந்த தொண்டு போன்றது. ஆதலின் ஆசிரியர் அச்சட்டம் கூறும் தொழிலாளர் ஆகார் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் குறைகளைத் தீர்க்கத் தனி வழி வகுத்தல் நன்று என்றும் அந்நீதிமன்றமே கூறிற்று. உயர்வு கூறப்பட்டமையாலேயே ஆலைத் தொழிலாளிக்குக் கிட்டும் காப்பு ஆசிரியர்க்குக் கிட்டாது போயிற்று!

பணிக்கொடையின் வரலாறும் அத்தகையதே. ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாட் சம்பளம் என்ற கணக்கில் அதனை வழங்க 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அஃது ஆசிரியர்க்கும் உரியது என்று அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் வழக்காடி, 2004-இல் உச்ச நீதிமன்றத்திற் றோற்றது. ஆயினும், வேண்டுமாயின் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாம் என்ற வழி தீர்ப்பிலேயே புலப்பட்டது. 2009-இற் சட்டம் திருந்தியது. 1997 ஏப்பிரல் 3-ஆம் நாள் முதலே அத்திருத்தம் செல்லும் என்றும் விதிக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்குகள் 2022-இல் தள்ளப்பட்டன. இங்கே ஒன்று கருதத்தக்கது. பள்ளி நிருவாகத்தார் தமக்கெனக் கூட்டமைப்பு வைத்து வழக்காடினர். அவர்க்குத் தகும் ஒற்றுமை ஆசிரியர்க்கு மட்டும் தகாதோ? தனி ஓர் ஆசிரியை தில்லி சென்று இத்துணை ஆண்டு வழக்காட இயலுமோ?

இனி, ஆசிரியர் வேலைநிறுத்தஞ் செய்தால் மாணவர் கெடுவரே என்பர். இது புறக்கணிக்கத்தக்க கூற்றன்று. 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தஞ் செய்தபோது ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கப்பட்டனர். அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லையென உச்ச நீதிமன்றமும் கூறிற்று. வகுப்பறைகளும் வறிதாய்க் கிடந்தன. ஆதலின் வேலைநிறுத்தம் இறுதிப் படைக்கலமாதல் வேண்டும். கடமை தவறுவார்க்குச் சங்கம் அரணாதலும் கூடாது. ஆனால், சங்கத்தின் நாளாந்தப் பணி வேறு. விதிகளை உறுப்பினர்க்கு அறிவித்தல், முறையீட்டை எழுதித் தருதல், அஞ்சுபவர்க்குத் துணை நிற்றல் என்பவையே அது. இவற்றால் மாணவர் இழப்பது யாது? மாதந்தோறும் வேறு பள்ளி தேடி ஓடாத ஆசிரியரைப் பெறுதலே அவர்க்கு ஊதியம்.

கிறித்தவ நிலையங்கள் சங்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. திராட்சைத் தோட்டத்து உவமையில், வீட்டெசமான் வைகறையில் வந்தவர்களிடம் கூலியைப் பேசி முடித்த பின்னரே அவர்களைத் தோட்டத்திற்கு அனுப்பினான். கூலி பேசுதல் அன்பிற்கு மாறன்று. தனித்து நிற்பார் உண்மை சொல்ல அஞ்சுவர். அவரிடம் நிருவாகத்தார் கேட்பது முகமனே. சங்கமோ மெய்யைக் கேட்பிக்கும்.

ஆசிரியராகச் செல்லும் பழைய மாணவர்காள்! நியமன ஓலையிற் கையெழுத்திடும் நாளிலேயே சங்கப் பதிவேட்டிலும் கையெழுத்திடுக. தம் உரிமை அறியாதவர் பிறர்க்கு உரிமையைக் கற்பித்தல் அரிது.